மாடித் தோட்டத்துக்கு மரத்தொட்டி: வேலூர் வெயிலையும் மழையையும் தாங்கும்படி செய்யும் முறை

வேலூரில் மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கத்திரி வெயில் என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. வளர்ப்புப் பைகளின் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். மத்தியான வேளையில் பையின் மேல் கை வைத்தால் சுடும். அந்தச் சூடு வேரையும் விடுவதில்லை. சிமெண்ட் தொட்டி உடையாது என்றாலும் அதுவும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஓர் அங்குலத் தடிமன் உள்ள மரப்பலகை அப்படியில்லை. வெப்பம் அதைக் கடந்து மண்ணுக்குள் போக நேரம் பிடிக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு மரத்தொட்டியைப் போல் ஒத்துவரும் தொட்டி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தினமும் தண்ணீர் ஊற்றினால் மரம் மக்கிவிடாதா என்று கேட்பார்கள். மக்குவது தண்ணீரால் மட்டும் அல்ல. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்தப் பூஞ்சை வேலை செய்யாது. நனைந்த மரம் அடுத்த சில மணி நேரத்தில் காற்றுப் பட்டுக் காய்ந்துவிட்டால் ஆண்டுக் கணக்கில் உழைக்கும். நனைந்த இடம் காயவே வழியில்லாமல் மூடிக் கிடந்தால் தேக்கும் உளுத்துப் போகும். ஆகவே இந்தத் தொட்டியில் ஒவ்வொரு வெட்டும், ஒவ்வொரு இடைவெளியும் மரத்தைக் காயவிடுவதற்காகத்தான். பலகை நெருக்கமாக இருந்தால் அழகாக இருக்குமே என்று நினைத்து இடைவெளியை அடைத்துவிடாதீர்கள்.

எந்த மரம்

முதல் இடம் வேம்புக்கு. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் முழுவதும், ஆரணியிலிருந்து திருப்பத்தூர் வரை, எந்த மரவாடியில் கேட்டாலும் கிடைக்கும். பூச்சி அவ்வளவு எளிதில் அண்டாது. பூவரசு கிடைத்தால் அதுவும் நல்ல மரம். புதுத் தேக்கு வாங்கித் தொட்டி செய்வது வீண் செலவு. ஆனால் ஓட்டு வீடு இடிக்கும்போது வரும் பழைய தேக்குச் சட்டமும் கதவுப் பலகையும் கிடைத்தால் விடாதீர்கள். பல்லாண்டு கூரைக்கடியில் காய்ந்த மரம், இனி அது சுருங்குவதற்கு எதுவும் இல்லை.

பழைய மரத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. பெயிண்ட் அடித்த பலகையைக் காய்கறித் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு; சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும், விட்டுவைத்தால் மண்ணில் உதிரும். பெயிண்ட் படாத உத்திரம், கைமரம், பரண் பலகை ஆகியவையே போதும்.

தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் பேலட் (சரக்கை அடுக்கி ஏற்றி இறக்கும் மரத்தட்டு) மரத்தையும் பலர் வாங்குகிறார்கள். பெரும்பாலும் பைன் மரம். விலை குறைவு, ஆயுளும் குறைவு. வாங்குவதானால் அதில் சூடு போட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். கதிர் போன்ற ஒரு சின்னத்தின் அருகே ஹெச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மரத்தைச் சூடேற்றிப் பூச்சி நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த வட்டாரம் இது. ரசாயன டிரம் ஏற்றி இறக்கிய பேலட்களும் பழைய மரக் கடைக்கு வரலாம். பச்சையாகவோ நீலமாகவோ கறை படிந்த பலகை, முகர்ந்தால் நெடி வரும் பலகை எதுவானாலும், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மாமரம், முருங்கை, இலவம், பிளைவுட் இவை எதுவும் உதவாது.

மரவாடியில் பலகையைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் கருமையாக, கெட்டியாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்திருப்பது வெளிறு. பெருவிரல் நகத்தை அழுத்தி இழுத்தால் வெளிறில் கோடு விழும், வைரத்தில் நகம் வழுக்கும். பூச்சியும் பூஞ்சையும் முதலில் பிடிப்பது வெளிறைத்தான். எல்லாப் பலகையும் முழு வைரமாகக் கிடைக்காது. கிடைக்கிற நல்ல பலகைகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவை எங்கே போக வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

மரம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து மறுபடி நிறுங்கள். எடை இன்னும் இறங்குகிறது என்றால் மரம் பச்சைதான். இடையில் குச்சி கொடுத்துப் பலகைகளை அடுக்கி, காற்றோட்டமான நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் நம் ஊர்ச் சூட்டில் முனை பிளந்து, பலகை முறுக்கிக்கொள்ளும்.

அளவு

நீளம் 36 அங்குலம், அகலம் 18 அங்குலம், பலகைச் சுவரின் உயரம் சுமார் 15 அங்குலம், அதன் கீழ் 3 அங்குலக் கால். இரண்டு கத்திரிச் செடிகளையோ, மூன்று மிளகாய்ச் செடிகளையோ, ஒரு குடும்பத்துக்கான கீரையையோ தாங்கும் அளவு இது. இதைவிடப் பெரிதாக்கினால் மாடிக்குச் சுமை. சிறிதாக்கினால் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

அறுவை மில்லில் ஓர் அங்குலத் தடிமனில் இழைத்துக் கேளுங்கள். வெட்ட வேண்டியவை:

நீளப் பலகை: 36 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 6 எண்ணம்
குறுக்குப் பலகை: 16 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 6 எண்ணம்
கால்: 2க்கு 2 அங்குலச் சட்டம், 18 அங்குல நீளம், 4 எண்ணம்
தாங்கு சட்டம்: ஒன்றரைக்கு ஒன்றரை அங்குலம், 30 அங்குல நீளம், 2 எண்ணம்
அடிப்பலகை: 15 அங்குலம் 6 நூல் நீளம், 4 அங்குல அகலம், 8 எண்ணம்

எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் மில்லில் பேசுவார்கள். உட்புற அகலம் 16 அங்குலம் இருக்க, அடிப்பலகையை 2 நூல் குறைத்துச் சொல்வது அது நெருக்கிப் பிடிக்காமல் சுலபமாக உட்காருவதற்காக. மொத்த மரம் ஏறத்தாழ ஒன்றரைக் கன அடி. சேதாரம் சேர்த்து இரண்டு கன அடி வாங்கினால் போதும்.

ஆணி வேண்டாம், ஸ்க்ரூவே வேண்டும். மரம் ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கும்போது ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். இரண்டு அங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ 48 சுவர்ப் பலகைகளுக்கும், 10 தாங்கு சட்டங்களுக்கும் செலவாகும்; கையிருப்பாகச் சில சேர்த்து 65 வாங்குங்கள். சாதாரண இரும்பு ஸ்க்ரூ ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைக்கும். மற்றபடி டிரில், திருப்புளி, ரம்பம், மூலை மட்டம், உப்புத்தாள், ஸ்டேப்ளர் துப்பாக்கி. இவை இல்லாவிட்டால் தெருவில் இருக்கும் ஆசாரியிடம் அரை நாள் வேலையாகக் கொடுத்துவிடலாம். அளவுச் சீட்டும் கீழே சொல்லும் இடைவெளிகளும் மட்டும் உங்கள் கண்காணிப்பில் இருக்கட்டும்.

எண்ணெய் முதலில், பூட்டுவது பிறகு

பூட்டி முடித்த பிறகு எண்ணெய் பூசினால் பலகையும் பலகையும் சேரும் இடத்துக்குள் எண்ணெய் போகாது. தண்ணீர் போகும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக உப்புத்தாளால் தேய்த்து, ஆறு பக்கமும் பூசுங்கள். பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீடு (ஆளிவிதை) எண்ணெய் இதற்கு ஏற்றது. அது மரத்துக்குள் இறங்கி மெல்ல இறுகும். பெயிண்டும் வார்னிஷும் மேலே தோலாகப் படியும். நம் வெயிலில் அந்தத் தோல் வெடித்து, வெடிப்பு வழியே போன நீர் வெளியே வர முடியாமல் உள்ளேயே நிற்கும். வேப்பெண்ணெய் பூச்சிக்கு ஆகாது என்பது உண்மைதான், ஆனால் காய்ந்து இறுகாது. தூசியை இழுத்துப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். பழைய இன்ஜின் எண்ணெயும் தாரும் வேலிக் கம்பத்துக்குப் பூசுவார்கள். சாப்பிடும் செடி வளரும் தொட்டியில் அந்தப் பேச்சே கூடாது.

மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுனையில்தான். பலகையின் நீளவாக்கில் நரம்புகள் ஓடுகின்றன. முனையில் அவற்றின் வாய் திறந்திருக்கும். எண்ணெய் தொட்ட தூரிகையை அங்கே வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரப் பளபளப்பு மங்கி, மரம் மறுபடி வறண்டு நிற்கும். இன்னொரு முறை பூசுங்கள், அதையும் குடிக்கும். குடிப்பது நிற்கும்வரை பூச வேண்டும். நான்கு கால்களின் அடிமுனையை மட்டும் ஒரு பழைய கிண்ணத்தில் அரை அங்குல எண்ணெய் ஊற்றி, இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. லின்சீடு எண்ணெய் இறுகும்போது சூட்டை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் இது ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்து அல்ல. துணியைக் கொடியில் விரித்துக் காயவைத்து, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

இரண்டு பூச்சு, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. பிறகு ஒரு வாரம் நிழலில் காயட்டும்.

பூட்டுதல்

தனியே எடுத்து வைத்த நல்ல பலகைகளுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. தாங்கு சட்டம் கீழ் வரிசை நீளப் பலகையில்தான் பூட்டப்படுகிறது. மண்ணின் முழுப் பாரமும் அந்த இரண்டு பலகைகளின் மேல்தான். தொட்டியைக் காலி செய்யாமல் மாற்ற முடியாதவையும் அவைதான். வைரம் பாய்ந்த, முடிச்சு இல்லாத பலகைகளை அங்கே வையுங்கள். அடுத்த தரம் அடிப்பலகைகளுக்கு. மேல் வரிசைக்கு எது மிஞ்சினாலும் சரி.

முதலில் குறுக்குச் சுவர். இரண்டு கால்களைத் தரையில் இணையாகக் கிடத்தி, வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் சரியாக 16 அங்குலம் வருமாறு வையுங்கள். மேல் முனையை ஒட்டி முதல் குறுக்குப் பலகை. அதற்கு அடுத்ததும் அதற்கு அடுத்ததும் ஒரு நூல் இடைவெளி விட்டு. இடைவெளி ஒரே சீராக வர, அந்தத் தடிமனில் ஒரு தகரத் துண்டையோ பழைய ஸ்கேலையோ நடுவில் செருகிப் பூட்டி, பிறகு உருவிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பலகை அகலவாக்கில் உப்பும்; இந்த ஒரு நூல் இல்லையென்றால் ஒன்றையொன்று தள்ளி ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும். நீளவாக்கில் மரம் உப்புவது கணக்கில் சேராத அளவு, அதனால் அங்கே இடைவெளி தேவையில்லை.

ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னதாகத் துளை போட்டாக வேண்டும். காய்ந்த வேம்பு கெட்டியான மரம். துளையில்லாமல் முறுக்கினால் முனையிலிருந்து முடிபோல ஒரு கோடு கிளம்பும். முதலில் கண்ணுக்கே தெரியாது, அடுத்த கோடையில் அது விரல் நுழையும் பிளவாகி நிற்கும். ஸ்க்ரூவின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் பருமனுக்கு ஏற்ற டிரில் முனையை எடுங்கள். துளையிடும்போது வரும் தூள் மாவாக இருந்தால் மரம் காய்ந்திருக்கிறது, சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

குறுக்குப் பலகையில் முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, மேல் கீழ் ஓரத்திலிருந்தும் ஓர் அங்குலம் விட்டு, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்க்ரூ. இப்படி இரண்டு குறுக்குச் சுவர்கள் தயாரானதும் அவற்றை நிமிர்த்தி நிறுத்தி, 36 அங்குல நீளப் பலகைகளை வெளிப்புறமாகப் போர்த்துங்கள். நீளப் பலகை, குறுக்குப் பலகையின் வெட்டுமுனையை மூட வேண்டும். இங்கே முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளியும், ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டும் ஸ்க்ரூ போடுங்கள். அப்போதுதான் காலுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூவோடு இது மோதாது. எல்லாவற்றையும் முழுக்க இறுக்குவதற்கு முன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவென்றால் தொட்டி சதுரிப்பாக நிற்கிறது. வித்தியாசம் வந்தால் நீளமாக உள்ள மூலையைக் கையால் தள்ளினாலே சரியாகிவிடும்.

தாங்கு சட்டங்களைக் கீழ்ப் பலகையின் அடி ஓரத்தோடு சமமாக, இரண்டு கால்களுக்கும் இடையில், வெளியிலிருந்து ஐந்தைந்து ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்கள். அதன்மேல் எட்டு அடிப்பலகைகளும் 2 நூல் இடைவெளியில் உட்காரும். முதல் பலகையும் கடைசிப் பலகையும் கால்களில் இடிக்கும். அவற்றின் வெளி மூலைகளில் 2க்கு 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி எடுத்துவிடுங்கள். அடிப்பலகைக்கு ஸ்க்ரூ வேண்டாம். மண்ணின் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும்.

உள்விரிப்பு

பெரும்பாலான மரத்தொட்டிகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். தொட்டி முழுவதற்கும் பிளாஸ்டிக் தாளை விரித்து, நடுவில் நாலு ஓட்டை போடுகிறார்கள். ஓட்டைக்கு வராத தண்ணீர் தாளின் மடிப்பிலும் மரத்துக்கும் தாளுக்கும் நடுவிலும் தேங்கி, காயவே வழியில்லாமல் நிற்கிறது.

பிளாஸ்டிக் தாள் சுவருக்கு மட்டும். அதை மேல் வரிசைப் பலகையிலும் கால்களிலும் மட்டும் ஸ்டேப்ளர் அடித்துத் தொங்க விடுங்கள். நடு, கீழ்ப் பலகைகளில் அடிக்காதீர்கள். தாள் அடிப்பலகைக்கு ஓர் அங்குலம் மேலேயே முடிந்துவிட வேண்டும். அடிக்கு நிழல்வலைத் துணியை இரண்டு மடிப்பாக விரித்தால் போதும். மண் நிற்கும், நீர் இறங்கும், காற்று ஏறும். கூழாங்கல்லோ ஓட்டுச் சில்லோ அடியில் பரப்பத் தேவையில்லை, எடைதான் கூடும்.

மண் போடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து அடியைப் பாருங்கள். எல்லா இடைவெளியிலிருந்தும் சொட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொட்டினால் தரை சரிவு. தாழ்ந்த காலின் கீழ் கருங்கல் சில்லு கொடுங்கள். அரை மணி கழித்துத் தடவிப் பார்க்கும்போது எந்த மூலையிலும் நீர் நிற்கக் கூடாது.

எங்கே வைப்பது

உள்ளே மண் போகும் இடம் சுமார் 95 லிட்டர். வெறும் செம்மண்ணால் நிரப்பி நனைத்தால் தொட்டியோடு சேர்த்து 200 கிலோவைத் தொடும். நார்க்கழிவு கலந்த இலேசான கலவையில் அது 130 கிலோ அளவில் நிற்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்ற கணக்கில்தான் இந்தியத் தரநிலை சுமையை வகுத்திருக்கிறது. நம் தொட்டி உட்காரும் இடம் அரைச் சதுர மீட்டர்கூட இல்லை, அதாவது அந்த இடத்துக்குரிய கணக்கைவிடத் தொட்டியின் கனம் அதிகம். ஆகவே தளத்தின் நடுவில் வைக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று இடம்விட்டு வையுங்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் ஒரு தொட்டியும் ஏற்ற வேண்டாம்.

கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்கும்போதும் நான்கு விரல் இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டிய பக்கம் காயாது. தொட்டிக்குக் கீழே கால் தரும் 3 அங்குல இடத்தில் துடைப்பம் போக வேண்டும். அங்கே இலையும் மண்ணும் சேர்ந்தால் தளமும் ஊறும், தொட்டியும் ஊறும்.

முற்றத்தில், தரையில் வைக்கிறவர்களுக்குக் கரையான் கவலை உண்டு. ஒவ்வொரு காலையும் ஒரு கருங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள். கரையான் கல்லைத் துளைக்காது. மேலே மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும், அது கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை பார்த்து, தெரிந்த அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மண்ணும் செடியும்

செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நிறுத்துங்கள். மண் முதல் மாதத்தில் இறங்கும், அப்போது மேலே தொழுவுரம் சேர்க்கலாம்.

முதலில் என்ன நடுவது என்று கேட்டால் நான் தயங்காமல் முள்ளுக் கத்திரியைத்தான் சொல்வேன். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிக் காய். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆடிப் பட்டத்தில் நட வேண்டுமானால் வைகாசிக் கடைசியில் நாற்றுக்கு விதைத்துவிடுங்கள். முப்பது, முப்பத்தைந்து நாளில் நாற்று தயாராகும். நாற்று வளரும் அந்த நாட்களுக்குள் தொட்டி வேலையும் முடிந்துவிடும். நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும் என்பதால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடமாகப் பாருங்கள்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், ஆவணி மாத வாக்கில் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து ஒரு பூச்சு எண்ணெய். பங்குனியில் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். மரம் சுருங்கும் காலம் அது, சில கால் சுற்றுத் தளர்ந்திருக்கும்.

நடு அல்லது மேல் வரிசையில் ஒரு பலகை மெத்தென்று அமுங்கினால் தொட்டியைக் கலைக்கத் தேவையில்லை. இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். மண் இறுகியதும் வெளியிலிருந்து அந்தப் பலகையின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றுங்கள். நடுப் பலகையில் ஸ்டேப்ளர் அடிக்காததால் அது தனியாகக் கழன்று வரும். மேல் பலகையென்றால் தாளின் ஊசிகளை முதலில் பிடுங்கிவிட்டு, புதுப் பலகை ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். தாள் மண்ணைப் பிடித்து நிறுத்தும். எண்ணெய் பூசிக் காயவைத்த புதுப் பலகையைக் காலில் உள்ள பழைய துளைகளுக்கு நேராகப் பிடித்து, துளை தளர்ந்திருந்தால் இரண்டு மூங்கில் குச்சிச் சீவலை உள்ளே செருகி, அதே ஸ்க்ரூக்களால் முறுக்கிவிடுங்கள்.